யார் வைத்த பந்தயம்?

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மாமரத்தைப் பூவிலேயே விலை பேசும் வழக்கம் உண்டு. தை மாசியில் மரம் பூத்து நிற்கும்போது வியாபாரி வருவான், அண்ணாந்து பார்ப்பான், மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்வான். அவன் வாங்குவது இனிமேல் காய்க்கப்போகும் மாங்காயை. காற்றடித்துப் பூக் கொட்டினால் நட்டம் அவனுடையது. காய் நன்கு பிடித்தால் இலாபமும் அவனுடையதே. பங்குச் சந்தையின் அடிப்படையும் இதுதான். ஒரு கம்பனியின் பங்கை வாங்குபவர் அக்கம்பனி வருங்காலத்தில் ஈட்டக்கூடிய இலாபத்தின் சிறு கூறொன்றை இன்றே பணம் கொடுத்து வாங்குகிறார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மாமர வியாபாரி காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும். பங்கை வாங்கியவருக்கு அந்த அவசியம் இல்லை. மறுநாளே அதை இன்னொருவருக்கு விற்கலாம். அவர் மூன்றாமவருக்கு விற்கலாம். நாலைந்து கை மாறிய பின்னர் மரத்தைக் கண்ணாற் கண்டவர் எவரும் மிஞ்சியிரார். எல்லாருடைய கண்ணும் விலையின் மீதே இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு என்னும் மரம் சில ஆண்டுகளாகப் பூத்துக் குலுங்குகின்றது. அதன் பூவுக்கு நியூ யோர்க்கில் பேசப்படும் விலையைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம். நாம் பொருளியல் துறை சார்ந்தவர்கள் அல்லோம். வகுப்பறையில் வரலாறு படிப்பிப்பவர்கள். அதனால் நாளைக்கு விலை ஏறுமா இறங்குமா என்று சோதிடம் சொல்லும் எண்ணம் எமக்கில்லை. எம் மனத்தை அலைக்கும் வினா வேறு: இந்தப் பந்தயத்தில் வைக்கப்பட்டிருக்கும் பணம் யாருடையது?

முதலில் ஒரு நாளின் கதையைக் கூறுவோம். 2025ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி திங்கட்கிழமை, என்விடியா என்னும் அமெரிக்கக் கம்பனியின் பங்கு விலை நூற்றுக்குப் பதினேழு வீதம் வீழ்ந்தது. அதன் சந்தைப் பெறுமதியில் ஏறத்தாழ 59,000 கோடி டொலர் அன்றைய பொழுது சாய்வதற்குள் மறைந்தது. ஒரு தனிக் கம்பனி ஒரே நாளில் அவ்வளவு பெருந்தொகையை இழந்ததாக அதற்கு முன் வரலாறு இல்லை. இலங்கைத் தீவின் மக்கள் அனைவரும் சேர்ந்து 2024 முழுவதும் உழைத்து உண்டாக்கிய மொத்த உற்பத்தி 10,000 கோடி டொலருக்குச் சற்றுக் குறைவு. எமது ஆறு ஆண்டு உழைப்புக்கு ஈடான தொகை அங்கே ஒரு பகலிற் கரைந்துவிட்டது.

அந்த நாளில் எந்தத் தொழிற்சாலையும் தீப்பற்றவில்லை. எந்தப் பொறியும் பழுதடையவில்லை. வெள்ளிக்கிழமை நன்றாயிருந்த அதே சில்லுகள் திங்கட்கிழமையும் நன்றாகவே இருந்தன. நடந்தது இதுதான்: சீனாவின் ஹாங்சூ நகரத்திலுள்ள டீப்சீக் என்ற நிறுவனம் ஒரு வாரத்துக்கு முன்னர் புதிய மாதிரி ஒன்றை வெளியிட்டிருந்தது. மிகக் குறைந்த செலவில், குறைந்த வலுவுள்ள சில்லுகளைக் கொண்டு, அமெரிக்கர் செய்வதற்கு நிகரானதைத் தாம் செய்துவிட்டதாக அது கூறியது. அப்படியானால் இவ்வளவு விலையுயர்ந்த சில்லுகள் இவ்வளவு தொகையாகத் தேவைப்படுமா என்ற ஐயம் வாங்குவோர் மனத்திற் புகுந்தது. ஓர் ஐயத்தின் விலை 59,000 கோடி டொலர்! அந்த ஐயம் நெடுநாள் நிலைக்கவுமில்லை. அதே ஆண்டு ஜூலையில் அக்கம்பனியின் பெறுமதி 4 இலட்சம் கோடி டொலரையும், ஒக்டோபர் 29ஆம் திகதி 5 இலட்சம் கோடி டொலரையும் கடந்தது. அந்த உயரத்தை எட்டிய முதற் கம்பனி அதுவே.

இவ்வளவையும் வெறுங் காற்று என்று தள்ளிவிட முடியாது. முதலாளித்துவத்தைக் குறை கூறும் எம்மவர் சிலர் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் மோசடி என்று முடித்துவிடுவர். அது சிந்திக்கும் உழைப்பைத் தவிர்ப்பதற்கான வழியே அன்றி வேறன்று. என்விடியா 1993இல் தொடங்கப்பட்டது. கணினி விளையாட்டுகளின் காட்சிகளைத் திரையில் விரைவாக வரைவதற்கான சில்லுகளை ஆக்கி வந்தது. ஒரே வகையான சிறு கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே வேளையிற் செய்யும் அச்சில்லுகளின் திறன், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவதற்கும் ஏற்றதாயிருந்தது. 2022 நவம்பர் 30ஆம் திகதி ஓப்பன் ஏஐ நிறுவனம் சாட் ஜிபிடியை வெளியிட்டபின் அச்சில்லுகளுக்கு உலகெங்கும் அடிபிடி உண்டாயிற்று. 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் 2,700 கோடி டொலராயிருந்த என்விடியாவின் விற்பனை, 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் 13,050 கோடி டொலராக உயர்ந்தது. இந்த இலாபம் மெய்யானது; கணக்கேட்டில் உள்ளது.

வினா எழுவது அடுத்த படியிலேதான். அச்சில்லுகளை வாங்குவோர் யார்? எந்தப் பணத்தைக் கொண்டு வாங்குகின்றனர்? மைக்ரோசொஃப்ட், கூகுளின் தாய்க் கம்பனியாகிய அல்பபெற், அமேசன், மெற்றா ஆகிய நான்கும் 2025இல் தரவு நிலையங்களுக்கும் சில்லுகளுக்குமாக மூலதனச் செலவாகக் கொட்டியது 35,000 கோடி டொலருக்கும் மேல். இவை பழைய தொழில்களில் கொழுத்த இலாபம் ஈட்டும் கம்பனிகள். ஓரளவுக்குத் தம் கைப் பணத்தைச் செலவிட வல்லவை. அவ்வாறல்லாதனவும் உண்டு. ஓப்பன் ஏஐயின் தலைவர் சாம் ஓல்ட்மன் 2025 நவம்பரில் தாமே வெளியிட்ட கணக்கைப் பார்ப்போம். அவ்வாண்டின் இறுதியில் தமது கம்பனியின் வருமானம் ஆண்டுக்கு 2,000 கோடி டொலரைத் தாண்டும் வேகத்தில் இருக்கும் என்றார். அடுத்த எட்டு ஆண்டுகளில் தாம் ஏற்றுக்கொண்டுள்ள செலவுப் பொறுப்பு ஏறத்தாழ 1.4 இலட்சம் கோடி டொலர் என்றும் கூறினார். ஆண்டு வருமானத்தைப்போல் எழுபது மடங்கு பொறுப்பு. கிராமத்துச் சீட்டுக்காரி கூட இப்படிப்பட்டவருக்குப் பிணையில்லாமற் சீட்டுக் கொடாள்.

ஆனால் சந்தை கொடுத்தது. 2025 செப்ரெம்பர் 10ஆம் திகதி ஒரக்கிள் கம்பனியின் பங்கு விலை ஒரே நாளில் நூற்றுக்கு முப்பத்தாறு வீதம் ஏறியது. தன்னிடம் 45,500 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தங்கள் கைவசம் இருப்பதாக அது அறிவித்ததே காரணம். அவ்வொப்பந்தங்களின் மிகப் பெரும் பகுதி ஓப்பன் ஏஐ என்ற ஒரே வாடிக்கையாளருடையது என்பது விரைவில் வெளிவந்தது. ஆண்டு முடியுமுன் அந்த ஏற்றம் முழுவதும் கரைந்து, பங்கு முன்னிருந்த விலைக்கும் கீழே இறங்கியது. அதே செப்ரெம்பரில் என்விடியா 10,000 கோடி டொலர் வரை ஓப்பன் ஏஐயில் முதலிட உத்தேசித்திருப்பதாகவும், ஓப்பன் ஏஐ என்விடியாவின் சில்லுகளைப் பெருந்தொகையாகப் பயன்படுத்தப் போவதாகவும் இரண்டும் கூட்டாக அறிவித்தன. அடுத்த மாதம் என்விடியாவின் போட்டியாளராகிய ஏஎம்டி, தன் சில்லுகளை வாங்கச் சம்மதித்த ஓப்பன் ஏஐக்கு, நிபந்தனைகள் நிறைவேறும்போது 16 கோடி பங்குகள் வரை பங்கொன்று ஒரு சதத்துக்குப் பெறும் உரிமையை வழங்கியது. அந்த அறிவிப்பினால் ஏஎம்டியின் பங்கு அன்றே நூற்றுக்கு இருபது வீதத்துக்கும் மேல் ஏறிற்று. கடைக்காரர் வாடிக்கையாளருக்குப் பணம் கொடுக்கிறார்; அந்தப் பணத்துடன் வாடிக்கையாளர் அதே கடையிற் பொருள் வாங்குகிறார்; கடையின் விற்பனை உயர்ந்துவிட்டதென்று தெருவெல்லாம் பேச்சு; அப்பேச்சைக் கேட்டவர்கள் கடையின் பங்கை வாங்க ஓடி வருகின்றனர். இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. அனைத்தும் பகிரங்கமாகவே அறிவிக்கப்பட்டன.

இவ்வாறு ஓடி வருபவர் மூடர் என்று நாம் கருதவில்லை. பிரித்தானியப் பொருளியலறிஞர் கெயின்ஸ் 1936இல் பங்குச் சந்தையைப் பத்திரிகைகள் நடத்தும் அழகுப் போட்டி ஒன்றுக்கு ஒப்பிட்டார். படங்களுள் எது அழகானது என்று தெரிவு செய்தால் பரிசில்லை. பெரும்பாலோர் எதைத் தெரிவு செய்வர் என்று சரியாக ஊகிப்பவருக்கே பரிசு. ஆதலால் ஒவ்வொருவரும் மற்றவர் மனத்தை ஊகிக்கின்றனர். மற்றவர் பிறர் மனத்தைப் பற்றி என்ன ஊகிப்பர் என்பதையும் ஊகிக்கின்றனர். செயற்கை நுண்ணறிவு மனிதகுலத்துக்கு எவ்வளவு பயன்படும் என்று அறியாதவரும் இச்சந்தையில் இலாபம் பெறலாம். அதை நன்கு அறிந்தவர் நட்டமும் அடையலாம். மார்க்சு ‘கற்பனை மூலதனம்’ என்று பெயரிட்டு ஆராய்ந்ததும் இந்த இடத்தைத்தான். வருங்கால வருமானத்தின் மீதான உரிமைச் சீட்டுகள், அவ்வருமானம் இன்னும் பிறவாதிருக்கும்போதே, மெய்யான செல்வம் போலக் கைமாறித் தமக்கென ஒரு விலையையும் பெற்றுவிடுகின்றன.

பெயரொன்றே விலையை ஏற்றிய வேடிக்கைகளும் உள. குளிர்ந்த தேநீர் விற்ற நியூ யோர்க் மாநிலக் கம்பனியொன்று 2017 டிசெம்பரில் தன் பெயரில் ‘புளொக்செயின்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. பங்கு விலை ஒரு நாளில் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. செயற்கை நுண்ணறிவிலும் அப்படியே. 2023 ஜனவரியில் பஸ்ஃபீட் என்னும் இணையச் செய்திக் கம்பனி தன் ஆக்கங்கள் சிலவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தப் போவதாகக் கூறியது. பங்கு விலை ஒரே நாளில் இரு மடங்குக்கு மேலாயிற்று. மூன்று மாதங்கள் கழிந்தன. ஏப்ரிலில் அக்கம்பனி, 2021இல் புலிற்சர் பரிசு பெற்றிருந்த தன் செய்திப் பிரிவை மூடி, ஊழியருள் நூற்றுக்குப் பதினைந்து பேரை வீட்டுக்கு அனுப்பியது.

சென்ற ஆண்டின் பிற்பகுதியில், எம்மிடம் முன்னர் படித்த மாணவி ஒருத்தி இலண்டனிலிருந்து பேசினாள். முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்பவள். தன் ஓய்வூதியக் கணக்கின் வருடாந்த அறிக்கை வந்திருப்பதாகவும், அதிலே தன் பணம் இடப்பட்டுள்ள கம்பனிகளின் பட்டியல் இருப்பதாகவும் கூறி ஒவ்வொன்றாக வாசித்தாள். என்விடியா, மைக்ரோசொஃப்ட், அப்பிள், அமேசன், அல்பபெற்... பட்டியலின் மேற்பகுதி அப்படியே போயிற்று.

“சேர், என்விடியா எண்டால் என்னெண்டே எனக்குத் தெரியாது. என்ரை பென்சன் காசுக்குள்ளை அது எப்பிடி வந்தது?”

இந்த வினாவுக்கு விடை சொல்ல எமக்கு அன்று நெடுநேரம் பிடித்தது. இங்கு சற்று ஒழுங்காகக் கூற முயல்கின்றோம்.

பிரித்தானியாவில் 2012இலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்த சட்டமொன்றின்படி, குறித்த வயதும் வருமானமும் உடைய தொழிலாளர் ஒவ்வொருவரையும் முதலாளி ஓய்வூதியத் திட்டமொன்றில் தாமாகவே சேர்த்துவிட வேண்டும். வேண்டாதவர் விலகலாம், விலகாதவரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பணம் பிடிக்கப்படும். 2019 முதல் குறைந்த அளவு நூற்றுக்கு எட்டு. அதில் மூன்றாவது முதலாளியின் பங்காக இருத்தல் வேண்டும். தொழிலாளர் நலனுக்கான சட்டமே இது. நாம் அதைக் குறை கூறவில்லை. எந்த நிதியத்தில் இடுவது என்று தொழிலாளி தெரிவு செய்யாவிட்டால், பணம் பொதுவான நிதியமொன்றுக்குச் செல்லும். மிகப் பெரும்பாலானோர் தெரிவு செய்வதில்லை. இரவு முழுதும் முதியோரைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு விடியற்காலையில் பேருந்தில் உறங்கியபடி வீடு திரும்புபவளுக்கு நிதியங்களின் பட்டியலை ஆராய நேரம் ஏது?

அப்பொது நிதியங்களிற் பல, சுட்டெண்ணைப் பின்பற்றுபவை. 1976இல் அமெரிக்காவில் ஜோன் போகிள் என்பவரின் வான்கார்ட் நிறுவனம் பொதுமக்களுக்கென முதலாவது சுட்டெண் நிதியத்தைத் தொடங்கியது. அவருடைய எண்ணம் எளிமையானது. எந்தப் பங்கு ஏறும் என்று கண்டறிவதாகச் சொல்லும் நிபுணருக்குப் பெருங் கூலி கொடுப்பதைக் காட்டிலும், சந்தையிலுள்ள கம்பனிகள் அனைத்தையும் அவற்றின் பருமனுக்கு ஏற்பச் சிறிது சிறிதாக வாங்கிவிடுவது மலிவு. சிறு சேமிப்பாளருக்கு அதனால் நன்மை விளைந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் ‘பருமனுக்கு ஏற்ப’ என்ற சொற்றொடருக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பருமன் என்பது கம்பனியின் தொழிலாளர் தொகையோ உற்பத்தியோ அன்று. சந்தை அதற்கு இட்ட விலை. விலை ஏறினால் பருமன் ஏறும். பருமன் ஏறினால், புதிதாக வந்துசேரும் ஒவ்வொரு நூறு பவுணிலும் அதற்கு ஒதுக்கப்படும் பங்கும் ஏறும். 2025இன் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஐந்நூறு பெருங் கம்பனிகளைக் கொண்ட எஸ் அண்ட் பி சுட்டெண்ணில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது வீதம் முதற் பத்துக் கம்பனிகளுக்கு உரியதாயிருந்தது. என்விடியாவுக்கு மட்டும் ஏழு எட்டு வீதம். ‘உலகச் சுட்டெண்’ என்று பெயர் பூண்டவற்றிலும் அமெரிக்கப் பங்குகளே ஐந்தில் மூன்றுக்கு மேல். முட்டைகளைப் பல கூடைகளில் இட்டு வைத்ததாக அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டது. கூடைகள் பலவற்றின் பிடியும் ஒரே கயிற்றிற் கட்டப்பட்டிருக்கின்றது.

அவள் பந்தயம் கட்டவில்லை. அவள் பெயரால் கட்டப்பட்டிருக்கிறது.

கயிறு அறுந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவிலே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எமது உறவினரும் மாணவரும் பல்லாயிரவராகக் குடியேறியுள்ள நாடு அது. இருபதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், செயற்கை நுண்ணறிவுக்கு இன்றுள்ள மோகம் இணையத்தின் மீது இருந்தது. இணையத்துக்கான தொலைத்தொடர்புக் கருவிகளை ஆக்கிய நோர்டெல் என்னும் கனேடியக் கம்பனியின் பங்கு விலை 2000ஆம் ஆண்டில் 124 கனேடிய டொலர் வரை உயர்ந்தது. அப்போது ரொறன்ரோ பங்குச் சந்தையின் முக்கிய சுட்டெண்ணில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அந்த ஒரே கம்பனிக்கு உரியதாயிற்று. கனடாவின் ஆசிரியர், தாதியர், சாரதியர் ஆகியோரின் ஓய்வூதியப் பணத்தில் எவ்வளவு அதிலே சிக்கியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கருவிகளை வாங்குவோருக்குத் தானே கடன் கொடுத்து விற்பனையைப் பெருக்கிய கம்பனிகளுள் நோர்டெலும் ஒன்று என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். 2002இல் அந்தப் பங்கு ஒரு டொலருக்கும் கீழே போயிற்று. ஊழியருள் ஏறத்தாழ மூன்றில் இரு பகுதியினர் வேலையிழந்தனர். 2009 ஜனவரியில் கம்பனி முறிவுப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நோயினால் வேலை செய்ய இயலாதிருந்த முன்னாள் ஊழியருக்குக் கிடைத்து வந்த உதவிப்பணம் 2010இன் இறுதியோடு நின்றது.

வீழ்ச்சியின் சுமை எப்போதும் பந்தயக்காரரின் தோளில் மட்டும் இறங்குவதில்லை. எமது தீவின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. பாடநூல்களில் அது வேறு தலைப்பின்கீழ் இடம்பெறுவதால் நாம் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. 1840களில் இலங்கையைக் கோப்பிப் பித்துப் பிடித்தது. தேசாதிபதி, நிருவாக சபையினர், இராணுவ அதிகாரிகள், நீதிபதிகள், பாதிரிமார், சிவில் சேவையினர் என எல்லாரும் மலைநாட்டுக் காடுகளை வாங்கினர். கோப்பி நட்டவர் மட்டுமல்லர், கோப்பியை முன்பின் கண்டிராத இலண்டன் வணிகரும் பணம் அனுப்பினர். அதே ஆண்டுகளில் பிரித்தானியாவிலே புகையிரதப் பித்து உச்சத்தில் நின்றது; 1846 ஒன்றில் மட்டும் புதிய பாதைகளுக்காக இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட சட்டங்களைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 1847இல் இலண்டனில் நிதி நெருக்கடி வெடித்தபோது புகையிரதப் பங்குகளும் விழுந்தன. இலங்கைக் கோப்பித் தோட்டங்களும் விழுந்தன. போட்ட பணத்தின் சிறு பகுதிக்கே தோட்டங்கள் விலைபோயின. சில காடாய்ப் போயின.

கோப்பி விழுந்ததனால் அரசாங்கத்தின் வருமானமும் விழுந்தது. அதை ஈடுசெய்யத் தேசாதிபதி ரொறிங்ரன் பிரபு 1848இல் புதிய வரிகளை விதித்தார். துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. வீதி அமைக்க ஆண்டுக்கு ஆறு நாள் உழைக்க வேண்டும், அன்றேல் பணம் கட்ட வேண்டும். கோப்பியில் ஒரு சதமேனும் இட்டிராத கண்டிக் குடியானவன் கோப்பிப் பந்தயத்தின் நட்டத்தை அவ்வாறு கட்ட நேர்ந்தது. அவன் மறுத்தான். மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி எழுந்தது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வீர புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டான். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் காரணங்களை மாணவர் எழுதும்போது வரிகளுடன் நிறுத்திக்கொள்வர். இலண்டன் சந்தைவரை அந்த நூல் நீண்டு செல்கின்றது.

புகையிரதத்தைக் குறிப்பிட்டோம். இன்றைய மோகத்தை ஆதரிப்பவர் அதையே தமக்குச் சாதகமாகக் காட்டுவர். பந்தயக்காரர் நட்டப்பட்டாலும் தண்டவாளம் எஞ்சியது. அதன்மீது பிற்காலச் சந்ததி பயணம் செய்தது. இணைய மோகத்தில் புதைக்கப்பட்ட ஒளியிழைகளும் பின்னர் உதவின. அவ்வாறே தரவு நிலையங்களும் எஞ்சும் என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. கட்டடமும் மின் இணைப்பும் எஞ்சலாம். செலவின் பெரும்பகுதியை விழுங்கும் சில்லுகளோ தண்டவாளம் போல் நூறாண்டு கிடப்பன அல்ல. அவை எத்தனை ஆண்டு பயன்படும் என்பதிலேயே கம்பனிகளுக்குள் கருத்து வேற்றுமை நிலவுகின்றது. கணினிகளின் ஆயுளை மெற்றா 2025இல் ஐந்தரை ஆண்டாகக் கூட்டிக் கணக்கெழுதியது. அதே ஆண்டில் அமேசன் தன் கணினிகள் சிலவற்றின் ஆயுளை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. ஏட்டிலே ஆயுளைக் கூட்டினால் அவ்வாண்டின் தேய்மானம் குறையும். தேய்மானம் குறைந்தால் இலாபம் கூடும். இலாபம் கூடினால் பங்கு விலை கூடும். ஒரு கணக்காளரின் பேனா முனையில் ஒரு சில்லின் ஆயுளும் ஒரு சந்தையின் உற்சாகமும் தங்கியிருப்பது விந்தையே. 2025 ஒக்டோபரில் இங்கிலாந்து மத்திய வங்கியின் நிதிக் கொள்கைக் குழு, செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகளின் விலை மிகைப்பட்டுத் தோன்றுகிறதென்றும் கடுமையான வீழ்ச்சி ஏற்படும் அபாயம் கூடியுள்ளதென்றும் எச்சரித்தது. மத்திய வங்கியாளர் எளிதில் அப்படிப் பேசுபவரல்லர்.

வீழ்ச்சி வராமலே போகட்டும். விலை ஏறிக்கொண்டே இருப்பதற்கும் ஒரு கூலி உண்டு. எதிர்கால இலாபத்தை முன்னரே விற்றுவிட்ட கம்பனி, அந்த இலாபத்தை எப்படியாவது காட்டியாக வேண்டும். மைக்ரோசொஃப்ட் 2025 ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. அதே மாதத்தின் கடைசி நாளில் அதன் சந்தைப் பெறுமதி 4 இலட்சம் கோடி டொலரைத் தொட்டது. வேலைநீக்க அறிவிப்பு முன்னொரு காலத்தில் ஒரு தொழிலின் நோய்க்குறியாகக் கருதப்பட்டது. சந்தை அதை ஆரோக்கியத்தின் அறிகுறியாக வாசிக்கப் பழகிவிட்டது. மறுமுனையிலே, சாட் ஜிபிடி வன்சொல் பேசாதிருக்கப் பயிற்றுவதற்காகக் கொலையும் வன்புணர்வும் நிறைந்த பந்திகளை நாள்முழுதும் வாசித்துப் பெயரிட்ட கென்யத் தொழிலாளர் மணிக்கு 2 டொலருக்கும் குறைவாகவே பெற்றனர் என ‘டைம்’ சஞ்சிகை 2023 ஜனவரியில் வெளிப்படுத்தியது. நைரோபியில் உழைத்த அந்த இளைஞரின் கூலிக் குறைவும் மேற்சொன்ன கோடிகளுள் ஒரு கூறு.

எம் மாணவி இறுதியாகக் கேட்டாள்: “அப்ப நான் என்ன செய்யலாம், சேர்?” நிதியத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. பட்டியலில் வேறு நிதியங்கள் உள. அவற்றிற் சிலவற்றுக்குக் கட்டணம் கூட. ஒரு தொழிலாளி தனியே அப்படி மாறுவதால் சந்தையின் போக்கில் ஒரு மயிரிழையும் அசையாது. அவளுடைய இருபது ஆண்டுச் சேமிப்பு ஓரளவு காப்பாற்றப்படலாம், அல்லது விலை இன்னும் ஏறி, மாறியது நட்டமாகவும் முடியலாம். எதைச் செய் என்று சொல்ல எமக்குத் துணிவு வரவில்லை. நோர்வேயின் நிலைமையை மட்டும் அவளுக்குக் கூறினோம்.

அந்நாடு தன் எண்ணெய் வருமானத்தை மக்களின் பொது நிதியாகச் சேர்த்து உலகெங்கும் பங்குகளில் இட்டிருக்கிறது. உலகின் பட்டியலிடப்பட்ட பங்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை அதற்குரியது. அதன் பெரிய முதலீடுகளும் என்விடியா, மைக்ரோசொஃப்ட், அப்பிள் ஆகியவையே. 2025இன் முதற் காலாண்டில் தொழில்நுட்பப் பங்குகள் இறங்கியபோது அது 41,500 கோடி குரோணர் இழந்தது. கயிறு அங்கும் அதே கயிறுதான். ஆனால் எதில் இடலாம், எதில் இடலாகாது என்பதை அந்நாட்டுப் பாராளுமன்றம் விவாதிக்கின்றது. கம்பனிக் கூட்டங்களில் நிதியம் எந்தப் பக்கம் வாக்களிக்கப் போகிறது என்பது கூட்டத்துக்கு முன்னரே பகிரங்கமாக வெளியிடப்படுகின்றது. வாகனத்துடன் இயந்திர மனிதரையும் செயற்கை நுண்ணறிவையும் விற்கப் போவதாகக் கூறும் டெஸ்லா கம்பனி, எலோன் மஸ்க்குக்கு 1 இலட்சம் கோடி டொலர் வரை பெறுமதியான பங்குகளை ஊதியமாக வழங்கும் பிரேரணையை 2025 நவம்பரில் கொண்டுவந்தது. அதற்கு எதிராக வாக்களிப்பதாக நோர்வே நிதியம் முன்கூட்டியே அறிவித்தது. பிரேரணை நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்ட வாக்குகளால் நிறைவேறிற்று.

டெஸ்லாவும் எம் மாணவியின் பட்டியலில் இருந்தது. அவள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட பணத்தைக் கொண்டு வாங்கிய அந்தச் சிறு பங்குக்குரிய வாக்கை நிதியத்தின் முகாமையாளரே அளித்திருப்பர். எந்தப் பக்கம் அளித்தனர் என்று கேட்டு அவள் எழுதிய கடிதத்துக்கு, கணக்கு இலக்கத்தைச் சரிபார்க்குமாறு கோரும் பதிலொன்று வந்திருக்கிறது.